மொட்டை மாடியில் இருபது ஆண்டு: செல்போன் டவர் குத்தகையும் வீட்டுக்காரரின் பேரமும்

2022 ஜூன் மாதம் நாளிதழ்களில் ஒரு செய்தி வந்தது. ஜிடிஎல் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் என்ற நிறுவனத்துக்குச் சொந்தமான செல்போன் டவர்களில் 600க்கும் மேற்பட்டவை தமிழ்நாட்டில் காணாமல் போய்விட்டன என்பது அந்தச் செய்தி. திருடியது யார், இரும்பு எங்கே விலைபோனது என்றே எல்லோரும் பேசினார்கள். அந்த டவர்கள் நின்ற இடம் ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு என்பதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. காலி மனையையோ மொட்டை மாடியையோ நீண்ட காலக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, சிக்னலும் இல்லாமல் ஆளும் எட்டிப் பார்க்காமல் நிற்கும் இரும்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

இது எப்படி நேர்ந்தது என்பதை அறிய ஏர்செல்லின் கதைக்குப் போக வேண்டும். 1999இல் தமிழ்நாட்டில் சேவையைத் தொடங்கி, ஒரு காலத்தில் இம்மாநிலத்தின் முதன்மையான செல்போன் நிறுவனமாக இருந்தது ஏர்செல். 2010இல் அது தன் டவர்கள் 17,500ஐ ஜிடிஎல் குழுமத்துக்கு 8,400 கோடி ரூபாய்க்கு விற்றது. வாங்குவதற்கென்றே சென்னை நெட்வொர்க் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் என்றொரு நிறுவனம் இருந்தது. அதன்பின் டவர் ஒருவருடையது, அதில் ஏறிய ஆன்டெனா இன்னொருவருடையது என்றாயிற்று. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. விலைப்போரில் ஒவ்வொரு நிறுவனமாகச் சாய்ந்தது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் போய், எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளக் கடை கடையாக ஜனங்கள் நின்றது பலருக்கும் நினைவிருக்கும். அடுத்த மாதமே ஏர்செல் திவால் நடவடிக்கைக்குள் போனது. வாடிக்கையாளர் எண்ணை மாற்றிக்கொண்டு போய்விட்டார். மாடியைக் கொடுத்தவருக்கு அப்படி மாறிக்கொள்ள வழியில்லை.

டவர் வாடகை பற்றி நம் ஊரில் பேச்செடுத்தாலே "மாசம் எவ்வளவு தர்றாங்க?" என்பதுதான் முதல் கேள்வி, பெரும்பாலும் அதுவே கடைசிக் கேள்வியும். வாடகைத் தொகை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பத்து, பதினைந்து, இருபது ஆண்டுகள் நம் சொத்தைக் கட்டிப்போடும் ஒரு பத்திரத்தில், அந்த எண்ணைவிடக் கனமான வரிகள் ஐந்தாறு இருக்கின்றன. அவற்றைப் பேசிக்கொள்ள முடிகிற காலம் ஒன்றுதான்: இரும்பு மாடிக்கு ஏறுவதற்கு முன். அதன் பிறகு சட்டமும் பணமும் அவசரமும் எதிர்த்தரப்பிடம் இருக்கும்.

ஒரு டவர் எங்கே வேண்டும் என்பது இடத்தின் அழகைப் பார்த்து முடிவாவதில்லை. எங்கே சிக்னல் குறைகிறது, எங்கே நெரிசல் கூடுகிறது என்று கணக்குப் பார்த்து, ரேடியோ பொறியாளர் வரைபடத்தில் ஒரு வட்டம் போடுகிறார். தேடுவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். கிராமப்புறத்தில் அது பெரிதாக இருக்கும். நகரத்தில், அதுவும் டவர்கள் நெருங்கி நிற்கும் பகுதியில், இரண்டு மூன்று தெருவுக்குள் சுருங்கிவிடும். அந்த வட்டத்துக்குள் தோதான உயரம், தாங்கும் கட்டடம், சிக்கலில்லாத பத்திரம், வண்டி வர வழி, மின் இணைப்பு ஆகிய அத்தனையும் உள்ள இடங்களை இரண்டு மூன்றாகத் தேடிக் கொடுப்பது இடம்பிடிக்கும் ஆளின் வேலை. நம் வீட்டு வாசலுக்கு வருபவர் அவர்தான். பெரும்பாலும் அவர் டவர் நிறுவனத்தின் ஊழியர்கூட இல்லை. முடித்துக்கொடுத்த இடத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஒப்பந்தக்காரர் அனுப்பியவர்.

"உட்கார்ந்த இடத்துல மாசாமாசம் பேங்க்ல பணம் விழும் சார், உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல" என்று அவர் தொடங்குவார். அவர் மீது குறை சொல்ல எனக்கு மனமில்லை, அது அவர் பிழைப்பு. ஆனால் அவர் வாயால் சொல்வது எதுவும் ஒப்பந்தத்தில் ஏறாது. அச்சடித்து வரும் ஒப்பந்தங்களில், இந்தத் தாளில் எழுதியதே முழு உடன்பாடு, இதற்கு முன் பேசிய எதுவும் செல்லாது என்ற பொருளில் ஒரு வரி வழக்கமாக இருக்கும். பெயின்ட் அடித்துத் தருகிறோம், ஜெனரேட்டர் வராது, அஞ்சு வருஷத்தில் வேண்டாமென்றால் எடுத்துவிடுவோம் என்று மாடிப்படியில் நின்று சொன்னதையெல்லாம் அந்த ஒரு வரி துடைத்துவிடும்.

நம் மாடி அவர்களுக்கு எவ்வளவு தேவை என்பதை ஓரளவு நாமே கண்டறியலாம். மாடியில் ஏறிச் சுற்றிப் பார்த்தால், அதே உயரத்தில் வேறு எத்தனை கட்டடங்கள் இருக்கின்றன என்பது தெரியும். தொலைத்தொடர்புத் துறை 2017இல் தொடங்கிய தரங் சஞ்சார் இணையதளத்தில் நம் பகுதியில் ஏற்கெனவே எங்கெங்கே டவர் இருக்கிறது, யாருடைய சேவை அதில் ஓடுகிறது என்று பார்க்கலாம். பக்கத்துத் தெருவில் வீட்டை இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லி டவரை எடுக்கச் சொல்லியிருந்தால், அந்த வட்டத்தில் உடனே ஒரு மாற்று இடம் வேண்டும். அப்போது அவர்கள் அவசரத்தில் இருக்கிறார்கள். அவசரம் எந்தப் பக்கம் இருக்கிறதோ, விட்டுக்கொடுக்க வேண்டியதும் அந்தப் பக்கம்தான்.

இனி பணம். மாதம் 15,000 ரூபாய் வாடகை, 15 ஆண்டு என்று ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஏற்றமே இல்லையென்றால் மொத்தம் 27 லட்சம். மூன்றாண்டுக்கு ஒருமுறை 15 சதவீத ஏற்றம் என்றால் ஏறத்தாழ 36.4 லட்சம். ஆண்டுக்கு 5 சதவீதம் என்றால் 38.8 லட்சம். பின்னிரண்டும் கேட்க ஒன்றுபோலத்தான் இருக்கின்றன, ஆனால் வித்தியாசம் 2.4 லட்சம். பதினைந்தாம் ஆண்டின் வாடகை முதல் முறையில் 26,235, இரண்டாவதில் 29,699. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது பேச்சு அந்தத் தொகையிலிருந்துதான் தொடங்கும் என்பதால் வித்தியாசம் மேலும் வளரும். முதல் மாத வாடகையில் ஆயிரம் ரூபாய்க்கு மல்லுக்கட்டுபவர்கள் இந்த ஏற்ற வரியைக் கண்ணால் மேய்ந்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இதைவிடப் பெரியது பகிர்வு. டவர் நிறுவனத்தின் தொழிலே ஒரே இரும்பில் பலரை ஏற்றுவதுதான். பாரதி, வோடஃபோன் எஸ்ஸார், ஐடியா மூன்றும் சேர்ந்து 2007இல் தொடங்கிய இன்டஸ் டவர்ஸ், 2020 நவம்பரில் பாரதி இன்ஃப்ராடெல்லுடன் இணைந்து இன்று 2 லட்சத்துக்கு மேல் டவர்களை வைத்திருக்கிறது. பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனம் என்பதால் கணக்கை வெளியிடுகிறது. 2023-24 காலத்தில், ஒரு டவரில் ஏறியிருக்கும் ஒவ்வொரு சேவை நிறுவனத்திடமிருந்தும் மாதம் சராசரியாக ஏறத்தாழ 40,000 ரூபாய் அதற்குக் கிடைத்தது. மின்சாரம், டீசல் செலவை வாங்கிக்கொள்வது தனி. ஒரு டவருக்குச் சராசரியாக ஏறியிருந்தவர்கள் 1.7 பேர். இந்த வருமானத்திலிருந்து இரும்பின் விலை, வட்டி, பராமரிப்பு, நம் வாடகை எல்லாம் போக வேண்டும் என்பதையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும். ஆனால் இரண்டாவது நிறுவனம் ஏறும்போது இரும்பு புதிதாக வேண்டியதில்லை. பெரும்பகுதி லாபம் அங்கேதான்.

அதே நேரத்தில் மாடியில் எடை கூடுகிறது, பெட்டி ஒன்று கூடுகிறது, நடுராத்திரியில் பழுது பார்க்க வருபவர் கூட்டமும் கூடுகிறது. ஆகவே "கூடுதலாக ஒவ்வொரு நிறுவனம் ஏறும்போதும் அன்றைய வாடகையில் இத்தனை சதவீதம் கூட்டித் தர வேண்டும், ஏற்றுமுன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்" என்ற வரியைக் கேட்பது பேராசையல்ல. அச்சடித்த படிவத்தில் இதற்கு நேர்மாறாக, யாரையும் எத்தனை பேரையும் உரிமையாளரைக் கேட்காமலே ஏற்றிக்கொள்ளலாம் என்றே இருக்கும். வரியை முழுதாக எடுக்க மறுப்பார்கள், எடுக்கவும் வேண்டாம். பணத்தை மட்டும் அதில் இணைக்கலாம்.

ஒப்பந்தத்தின் இதயம் காலமும் விலகலும்தான் என்பது என் உறுதியான எண்ணம். வழக்கமான படிவத்தில் காலம் 10 முதல் 20 ஆண்டு வரை. உரிமையாளர் இடையில் வெளியேற முடியாது. வாடகை பாக்கி விழுந்து, அறிவிப்பு கொடுத்து, அதன் பிறகும் தராவிட்டால் மட்டுமே முடித்துக்கொள்ள முடியும். நிறுவனமோ ஒரு மாதமோ மூன்று மாதமோ முன்னறிவிப்புக் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் போகலாம். இருபது ஆண்டுக்கு வருமானம் உறுதி என்று நினைத்து, அதை நம்பி வீட்டுக் கடன் வாங்குகிறவர் இருக்கிறார். உண்மையில் அவருக்கு உறுதியாகக் கிடைத்திருப்பது அந்த ஒன்றோ மூன்றோ மாத வாடகை மட்டும்.

இது வெறும் சட்டக் கவலை என்று தள்ளிவிட முடியாது. 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் ஒரே தீர்ப்பில் 122 செல்போன் சேவை உரிமங்களை ரத்து செய்தது. பல புதிய நிறுவனங்கள் கடையைக் கட்டின. 2017இன் கடைசியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் தன் செல்போன் சேவையை மூடியது. 2018இல் ஏர்செல் விழுந்தது, டெலிநார் ஏர்டெல்லுக்குள் போனது, ஆகஸ்ட் கடைசியில் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. அடுத்த ஆண்டு டாடாவின் செல்போன் வாடிக்கையாளர்களும் ஏர்டெல்லுக்குப் போனார்கள். ஒரே மாடியில் இரண்டு நிறுவனத்துக்கு இரண்டு டவர் இருந்தால், இணைந்த பிறகு ஒன்று போதும். பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் போட்டி போட்ட சந்தையில் இன்று ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, பிஎஸ்என்எல் என்று நான்கே நிற்கின்றன. நான்கு நான்காகவே நீடிக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அப்படியானால் என்ன கேட்கலாம்? நிறுவனத்துக்கும் முதல் மூன்று அல்லது ஐந்து ஆண்டு கட்டாயம் என்று எழுதக் கேட்கலாம். மறுத்தால், அதற்குள் விலகினால் ஆறு மாதமோ ஒரு வருடமோ வாடகை ஈடாகத் தர வேண்டும் என்று கேட்கலாம். உரிமையாளருக்கும் ஒரு கதவு வேண்டும். நம் ஊரில் ஒருவர் வீடு கட்டும்போதே தூணில் கம்பியை நீட்டி விடுகிறாரே, அது எதற்கு? மகனுக்கோ மகளுக்கோ பிற்பாடு ஒரு மாடி எழுப்பத்தான். மொட்டை மாடியை இருபது ஆண்டுக்கு எழுதிக் கொடுத்த கையோடு அந்த மாடியும் போய்விடுகிறது. ஆன்டெனாவுக்கு எதிரே மறைப்பு எதுவும் எழுப்பக் கூடாது என்ற வரி இருந்தால், மீதியிருக்கும் பாதி மாடியில்கூடக் கட்ட முடியாது. "வீட்டை இடித்துக் கட்டவோ மாடி எழுப்பவோ உரிமையாளர் முடிவு செய்தால், ஓராண்டு முன்னறிவிப்பில் நிறுவனம் காலி செய்ய வேண்டும்" என்ற ஒரு வரிக்காக மாத வாடகையில் ஆயிரம் இரண்டாயிரத்தை விட்டுக்கொடுத்தாலும் தகும்.

சில ஆண்டு கழித்து ஒரு கடிதம் வரலாம். சந்தை நிலவரம் சரியில்லை, வாடகையைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டவரை எடுத்துவிட நேரிடும் என்று அதில் இருக்கும். அமெரிக்காவில் இப்படிக் குறைத்துக் கொடுப்பதற்கென்றே தனி ஆலோசனை நிறுவனங்கள் உண்டு, நம் நாட்டிலும் இந்தப் பேச்சு புதிதல்ல. கடிதம் கண்டு பதற வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் டவரை இறக்கி இன்னோர் இடத்தில் ஏற்றுவது அவர்களுக்குப் பெருஞ்செலவு, அதுவரை அந்தப் பகுதியில் சிக்னலும் அடிபடும். எத்தனை நிறுவனங்கள் நம் மாடியில் ஏறியிருக்கின்றன என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் தள்ளாடுகிறது என்றால் விட்டுக்கொடுத்துப் பேசலாம், அதற்கு ஈடாக விலக முடியாத காலத்தைக் கேட்டு வாங்கலாம். இரண்டு மூன்று இருந்தால் பணிவாக மறுத்துவிடலாம்.

நிறுவனம் திவாலாகிவிட்டால் நிலைமை இன்னும் கடினம். 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, தடைக்காலம் தொடங்கியதும், அந்த நிறுவனத்தின் கைவசம் இருக்கும் இடத்தை அதன் உரிமையாளரே திரும்ப எடுக்க முடியாது. பழைய பாக்கிக்குக் கடன்காரர்களின் வரிசையில் நிற்க வேண்டும், அந்த வரிசையில் வங்கிகள் முன்னால் நிற்கும். ஆகவே வாடகையை முன்கூட்டியே, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆரம்பத்திலேயே தரச் சொல்லிக் கேட்பதும், முன்பணத்தை ஆறு மாத வாடகை அளவுக்காவது வாங்கி வைப்பதும் அவசியம்.

கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாடியில் நிற்கும் டவரின் கால்கள் தளத்தின் மீது உட்காரக் கூடாது, தூண்களின் தலையில் உட்கார வேண்டும். அதற்காகத் தட்டோட்டைப் பெயர்த்து, அடியிலிருக்கும் சுருக்கியைக் கொத்தி, தூண் கம்பியோடு சேர்த்துக் குட்டித் தூண் எழுப்பி போல்ட் இறக்குவார்கள். வேலை முடிந்ததும் பெயர்த்த இடத்தைச் சிமென்ட் கலவையால் பூசிவிட்டுப் போவார்கள். பழைய தட்டோட்டுக்கும் புதுப் பூச்சுக்கும் நடுவில் முடி அளவு விரிசல் விழும். ஐப்பசி மழையில் நீர் இறங்கி, கீழ்வீட்டுக் கூரையில் முதலில் பழுப்பு வட்டம் தெரியும், பிறகு கம்பி துருப்பிடித்துப் பூச்சு உதிரும். இதற்குள் இரண்டு மூன்று ஆண்டு ஓடியிருக்கும், யாரால் வந்தது என்று நிரூபிக்க முடியாது. வேலை தொடங்கும் முன் மாடியையும் கீழ்க்கூரையையும் தேதியோடு படமெடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிரதியாக ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டால், பின்னாளில் வழக்கறிஞருக்குத் தரும் பணம் மிச்சம்.

தனியார் இடத்தில் டவர் வைக்க உள்ளாட்சியின் அனுமதி வேண்டியதில்லை, எழுத்தில் தெரிவித்து, கட்டுமானப் பொறியாளரின் சான்றை இணைத்தால் போதும் என்று 2022 ஆகஸ்டில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. அதாவது நம் கட்டடம் தாங்குமா என்பதற்கு இருக்கும் முக்கியக் காவல் அந்தச் சான்றுதான். அதை எழுதும் பொறியாளருக்குப் பணம் தருவது நிறுவனம். நாம் நம்பும் ஒரு பொறியாளரிடம் அதே வரைபடத்தைக் காட்டி இன்னொரு கருத்துக் கேட்பது நல்லது, குறிப்பாகக் கட்டடம் இருபது ஆண்டைத் தாண்டியிருந்தால். அந்தச் செலவை நிறுவனமே ஏற்க வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மின் இணைப்பு நிறுவனத்தின் பெயரில்தான் இருக்க வேண்டும். நம் மீட்டரிலிருந்து இழுத்துக்கொள்கிறோம் என்றால், ஒரு வாரத்துக்கு என்றாலும், ஒப்புக்கொள்ளக் கூடாது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் கேள்வியே வேறு. மொட்டை மாடி யாருடையது? மேல்மாடி வீட்டுக்காரர் தனக்கென்பார், கட்டிக்கொடுத்தவர் தன் கையில் உரிமை இருப்பதாக ஒரு பத்திரத்தைக் காட்டுவார். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் பொதுவான மொட்டை மாடியைப் பொதுப் பகுதி என்றே வரையறுக்கிறது. அதற்கு முந்திய கட்டடங்களில் மூலப் பத்திரத்தையும் பிரிக்கப்படாத பங்கின் விவரத்தையும் படித்துப் பார்க்காமல் யாரும் கையெழுத்திடக் கூடாது. வாடகை சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். பொதுக்குழுவின் தீர்மானம் இல்லாமல் செயலாளர் ஒருவர் போட்ட கையெழுத்தால், பின்னால் வந்த நிர்வாகிகள் நீதிமன்றப் படியேறுவது சாதாரணமாக நடக்கிறது.

தனி வீடுகளில் இதற்கு நிகரான சிக்கல் வாரிசு. குத்தகை இருபது ஆண்டு, கையெழுத்துப் போட்டவருக்கு வயது அறுபத்தைந்து என்றால், நடுவில் என்ன நடக்கும் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் காலமானதும் நிறுவனம் வாடகையை நிறுத்தி வைக்கும். வாரிசுச் சான்றிதழ் வேண்டும், எல்லா வாரிசுகளின் ஒப்புதல் கடிதம் வேண்டும், புதிய வங்கிக் கணக்குப் பதிவாக வேண்டும். சென்னையில் ஒரு மகன், கத்தாரில் ஒரு மகன், கணவர் வீட்டில் மனத்தாங்கலோடு ஒரு மகள் என்று இருக்கும் குடும்பத்தில் அந்தக் கடிதம் சேர வருடக்கணக்காகும். கைம்பெண்ணான தாய் அந்த வாடகையை நம்பித்தான் மருந்து வாங்கிக்கொண்டிருப்பார். உரிமையாளர் மறைந்தால் வாடகை இன்னாருடைய கணக்குக்குப் போக வேண்டும், அது மற்ற வாரிசுகளின் உரிமையைப் பாதிக்காது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதலாம். மனைவியையும் சேர்த்து இருவர் பெயரிலும் வங்கிக் கணக்கைக் கொடுத்து வைக்கலாம். இந்த இரண்டையும் எந்த நிறுவனமும் மறுப்பதற்குக் காரணமில்லை, நாம் கேட்காததால்தான் படிவத்தில் இல்லை.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். செலவு மிச்சம் என்று பதியாமல் விட்டால், தகராறு வந்தால் நீதிமன்றத்தில் குத்தகையின் காலமோ ஏற்றமோ நிற்காது, அது மாதக் குத்தகை ஆகிவிடும். முத்திரைக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் நிறுவனத்தின் பொறுப்பு என்று எழுத வேண்டும். வீடு வங்கியில் அடமானத்தில் இருந்தால் வங்கியின் சம்மதம் முதலில்.

சட்டத்தின் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். டவரும் கட்டடம்தான், மாநிலங்கள் அதற்குச் சொத்து வரி போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்னது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இதை மாற்றியது. 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் இருக்கும் அதன் 14ஆம் பிரிவு, டவர் அது நிற்கும் சொத்தின் பகுதியே அல்ல, சொத்து வரிக்கோ சொத்தின் விற்பனைக்கோ அதைச் சேர்க்கக் கூடாது என்கிறது. நிறுவனத்துக்கு அந்த இடத்தின் மீது பயன்படுத்தும் உரிமை தவிர வேறு உரிமை எதுவும் இல்லை என்பதையும் அதே பிரிவு உறுதி செய்கிறது. இது உரிமையாளருக்கு நல்ல செய்தி. ஆனால் 12ஆம் பிரிவு வேறு ஒன்றும் சொல்கிறது. தனியார் உரிமையாளர் இடம் தர மறுத்து, பொதுநலனுக்கு அது தேவை என்று மத்திய அரசு முடிவு செய்தால், அந்த இடத்தைப் பயன்படுத்தும் வழியுரிமையை அரசு கையகப்படுத்தித் தரலாம். இன்று சாதாரண வீட்டு மாடிக்கு இதைக் காட்டி யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டியதில்லை, முதல் வழி பேசி உடன்படுவதுதான். ஆயினும் கதவு திறந்திருக்கிறது.

அந்தக் கதவின் வழியே என்ன வரக்கூடும் என்பதற்கு இங்கிலாந்தைப் பார்க்கலாம். அங்கே 2017 டிசம்பர் 28இல் புதிய மின்னணுத் தொடர்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. இடத்தின் வாடகையைத் தீர்ப்பாயம் நிர்ணயிக்கும்போது, அங்கே டவர் வரப்போகிறது என்பதால் ஏறும் மதிப்பைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அது சொன்னது. டவர் இல்லையென்றால் ஒரு மொட்டை மாடிக்கு என்ன மதிப்பு? 2019இல் லண்டனின் இஸ்லிங்டன் மன்றத்துக்குச் சொந்தமான அடுக்குமாடி ஒன்றின் மாடிக்குத் தீர்ப்பாயம் நிர்ணயித்தது ஆண்டுக்கு 1,000 பவுண்டு. மன்றம் கேட்டது அதைப்போல் பல மடங்கு. தேவாலயங்கள், விளையாட்டுச் சங்கங்கள், விவசாயிகள் என்று டவர் வாடகையை நம்பியிருந்த பலர் வருமானத்தின் பெரும்பங்கை இழந்தார்கள். நாடு முழுவதும் சிக்னல் வேண்டும் என்பது நியாயமான பொதுத் தேவை. அதன் விலையை மாடிக்காரர் ஒருவர் தலையில் மட்டும் இறக்குவது நியாயமில்லை. 12ஆம் பிரிவின் கீழ் இழப்பீட்டுக் கணக்கு இந்தியாவில் எந்த வடிவம் எடுக்கிறது என்பதைச் சொத்துரிமையாளர் சங்கங்கள் இப்போதே கண்காணிக்க வேண்டும்.

வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாடகை சட்டத்தின் வரம்பைத் தாண்டினால் நிறுவனம் அதில் 10 சதவீதம் பிடித்து நம் பான் எண்ணில் கட்டும், கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிசெய்துகொள்ளலாம். நம் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து ஜிஎஸ்டி பதிவு இல்லையென்றால், 2024 அக்டோபர் 10 முதல் வாடகை மீதான 18 சதவீத ஜிஎஸ்டியைக் கட்டுவது நிறுவனத்தின் பொறுப்பு. வாடகையிலிருந்து அதைக் கழிக்க விடக் கூடாது.

கதிர்வீச்சு அச்சத்தோடு அக்கம்பக்கத்தார் வந்து நிற்பது அநேகமாக எல்லா இடத்திலும் நடக்கிறது. அவர்களைத் துரத்தக் கூடாது. 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியாவின் வரம்பு, கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் பரிந்துரைத்த அளவில் பத்தில் ஒரு பங்கு. ஆன்டெனாவின் கற்றை நேர் கீழே இறங்குவதில்லை, பெரும்பாலும் எதிரேதான் போகிறது. அதனால்தான் அதே உயரத்தில் எதிரே இருக்கும் கட்டடத்துக்கு ஓர் ஆன்டெனா என்றால் 20 மீட்டர், ஆறு என்றால் 55 மீட்டர் என்று தொலைத்தொடர்புத் துறை இடைவெளி வகுத்தது. எதிர்வீட்டுக்காரருக்கு இந்தக் கணக்கை விளக்கி, அளந்து காட்டச் சொல்லி நிறுவனத்தைக் கேட்பது நம் கடமை. அந்தத் தெருவில் அவரோடு தொடர்ந்து வாழப்போவது நாம்தான்.

இன்னோர் எச்சரிக்கை இல்லாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது. "உங்கள் இடம் 5ஜி டவருக்குத் தேர்வாகிவிட்டது, முன்பணம் 20 லட்சம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று வரும் குறுஞ்செய்தியும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் முத்திரையிட்ட கடிதமும் மோசடி. இடம் தருவதில் டிராய்க்கு எந்தப் பங்கும் இல்லை, அது தடையின்மைச் சான்று எதுவும் தருவதில்லை என்று அந்த ஆணையமே பலமுறை அறிவித்துவிட்டது. உண்மையான டவர் நிறுவனம் நமக்குப் பணம் தரும், நம்மிடம் ஒரு ரூபாயும் கேட்காது. ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

பத்திரம் எழுதும் நாளில் அதிகம் மறக்கப்படுவது டவர் போகும் நாள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், டவர் கழற்றி வேறிடத்தில் பூட்டக்கூடிய அசையும் பொருளே என்று ஒரு வரி வழக்கில் தீர்ப்பளித்தது. கழற்ற முடியும் என்பது வேறு, கழற்றுவது வேறு. குத்தகை முடிந்த இத்தனை நாளுக்குள் இரும்பு, பெட்டி, கேபிள், குட்டித் தூண் அனைத்தையும் எடுக்க வேண்டும், எடுக்கும் நாள் வரை வாடகை ஓடும், தளத்தை நீர்க்காப்புப் பூச்சோடு பழையபடி ஆக்கித் தர வேண்டும், மின் இணைப்பைத் துண்டித்து நிலுவையில்லாச் சான்று தர வேண்டும் என்று எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டை விற்கப் போகும்போது வில்லங்கச் சான்றில் பழைய குத்தகை தொங்கிக்கொண்டிருந்தால், வாங்க வருபவரின் வங்கி கடனைத் தராது. குத்தகை ரத்துப் பத்திரத்தை நிறுவனம் தன் செலவில் வந்து சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து தர வேண்டும், அது பதிவான பிறகே முன்பணம் திரும்பும் என்ற வரியையும் முதல் நாளிலேயே சேர்த்துவிட வேண்டும். நிறுவனத்தின் ஆள் அந்த அலுவலகத்துக்கு நேரில் வருவதற்கு அதைவிட நல்ல காரணம் கிடையாது.